பழைய ஐந்து நட்சத்திரம்

பதினான்கு வயதில் 'எரகன்' நாவலுக்கு என் நோட்டில் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தேன். முப்பது தாண்டி மறுபடி எடுத்தால், பண்ணைப் பையன், வழிகாட்டும் கிழவர், கொடுங்கோல் அரசன் என்று வரிக்கு வரி 'ஸ்டார் வார்ஸ்' வாடை. வர்ணனையோ அடைமழை. இரண்டு நட்சத்திரம் போதும் என்று பேனாவைத் திறந்தேன். ஆனால் கிறிஸ்டோபர் பவோலினி இதை எழுதத் தொடங்கியது 15 வயதில். வீட்டாரே 2002இல் வெளியிட்டார்கள். தவிர, நீலக்கல் என்று நினைத்தது விரிசல்விட்டு உள்ளிருந்து டிராகன் குட்டி எட்டிப்பார்க்கும் இடம் இருக்கிறதே, அது இன்னும் கெடவில்லை.

எல்லாமே இப்படிச் சுருங்கிவிடுவதில்லை. உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) எனக்கு எதிர்த்திசையில் வளர்ந்தது. கெட் என்ற மாணவன் வீம்புக்கு மந்திரம் போட்டு ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். சிறுவயதில் கடைசியில் பெரிய சண்டை இல்லையே என்று எரிச்சல். அவன் அந்த நிழலைத் தன் பெயராலேயே அழைக்கும் பக்கத்தில் இப்போது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லெ குவினே 1990இல் 'தெஹானு'வில் அந்த உலகுக்குத் திரும்பினார். அங்கே சக்தியிழந்த கெட் ஆடு மேய்க்கிறான். பதினான்கு வயதில் அதை நான் தூக்கி எறிந்திருப்பேன்.

'எரகன்' பக்கத்தில் பழைய ஐந்தை அடிக்கவில்லை. அருகில் பென்சிலால் மூன்று.