ரம்மின் பழவாசம்

பழச்சாறு கலக்கும் விருந்துக்கு எந்த ரம் என்று கேட்டால், ஜமைக்கா ரம்மைத்தான் கைகாட்டுவேன். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸை அங்கே நாள்கணக்கில் புளிக்கவிட்டு, செம்புக் கலத்தில் வடிக்கிறார்கள். அதில் பிறக்கும் எஸ்டர்கள் என்னும் மணச்சேர்மங்கள் தோல் கறுத்த வாழைப்பழம்போல, கனிந்த அன்னாசிபோல மணக்கும். முதல் முகர்விலேயே முகம் சுளிப்பவர்கள் உண்டு. எலுமிச்சை பிழிந்ததும் அந்த முரட்டுத்தனம் அடங்கிவிடும். 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் மதுக்கூட உரிமையாளர் விக்டர் பெர்ஜரான் ‘மாய் டாய்’ என்ற காக்டெயிலைக் கலந்தபோது எடுத்ததும் 17 ஆண்டு முதிர்ந்த ஜமைக்கா ரம்தான். (அதில் அன்னாசிச் சாறு கிடையாது, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.) கியூபா பாணி வெள்ளை ரம், கெட்டியான சாற்றுக்குள் காணாமல் போய்விடும், அதை டைக்கிரி காக்டெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவின் 63 சதவீத ஆல்கஹால் கொண்ட ஓவர்புரூஃப் ரம் கிடைத்தால் மட்டும், ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் ஊற்றாதீர்கள்.