கல்லறைப் பெருமையும் அயலுறவும்

ஆப்கானிஸ்தானைப் பற்றி எழுதும்போது நம் ஏடுகள் விரும்பிக் கையாளும் தொடர் ஒன்றுண்டு: ‘பேரரசுகளின் கல்லறை’. மேலைநாட்டு எழுத்தாளர்கள் பரப்பிய இத்தொடரை நாமும் பெருமிதத்தோடு வழிமொழிந்து வந்துள்ளோம். ஆனால் 1979 முதல் 2021 வரை தொடர்ந்த போர்களில் அம்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் ஆப்கானியர் அல்லவா? ஒரு மக்களின் துயரத்தைப் பிறரது தோல்விக் கணக்கில் வரவு வைப்பது நேர்மையான வரலாறு ஆகாது.

இத்தொடர் மறைக்கும் உண்மை வேறொன்றும் உண்டு. 1879இல் கந்தமக் உடன்படிக்கையால் காபூல் தன் அயலுறவு உரிமையை ஆங்கிலேயரிடம் இழந்தது. 1919இல் அமானுல்லாஹ் கான் தொடுத்த போர் குறுகியதே. அவ்வாண்டு ஆகஸ்ட் 8இல் ராவல்பிண்டியில் கண்ட உடன்பாட்டை ஒட்டியே அவ்வுரிமை மீண்டது. இரண்டாம் உலகப் போரில் நடுநிலை காத்த அந்நாடு 1946இல் ஐ.நா.வில் இடம்பெற்றது. வாளினால் மட்டுமன்றி, வாக்கினாலும் நிதானத்தினாலும் நிலைத்த நாடு அது.

இன்றைய ஆட்சியும் 2020 பிப்ரவரி 29இல் தோஹாவில் செய்த ஒப்பந்தத்தின் வழியே வந்ததுதான். தம் மண்ணில் அல்காஇதாவுக்கு இடமில்லை என்பது அதில் தாலிபான் அளித்த வாக்கு. 2022 ஜூலையில் அய்மன் அல்ஸவாஹிரி காபூலிலேயே கொல்லப்பட்டபோது அவ்வாக்கு கேள்விக்குள்ளானது. ஏறத்தாழ 700 கோடி டாலர் ஆப்கானிய மக்களின் பணத்தை முடக்கிய அமெரிக்காவின் அநீதி இதற்குச் சமாதானம் ஆகாது. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில், விலங்கோடு தப்பி வந்த அபூஜந்தல் (ரலி) அவர்களைக்கூட, உடன்பாட்டின் பொருட்டு நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பியதை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோமே!

2025 ஜூலையில் ரஷ்யா முதல் நாடாக அங்கீகாரம் அளித்தது. அக்டோபரில் டில்லி தன் தொழில்நுட்பக் குழுவைத் தூதரகமாக உயர்த்தியது. அதே மாதத்தில்தான் பாகிஸ்தானோடு எல்லையில் குருதி சிந்தியது. கத்தரும் துருக்கியும் நடுநின்று போர்நிறுத்தம் கண்டன. அண்டை நாடுகளின் பகையைக் கொண்டு நட்பைத் தேடுவது நெடுங்காலம் நிலைக்காது.

அயலுறவின் அடித்தளம் அகத்தே உள்ளது. ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமியர்க்கு 2021இல் பள்ளியும், 2022இல் பல்கலைக்கழகமும் அடைக்கப்பட்டன. இதனை உலகின் சூழ்ச்சி என்று சொல்லிக் கடந்துவிட நம்மால் இயலுமா? பெண்களுக்கென அரபுக் கல்லூரிகள் நிறுவி, ஆலிமா பட்டம் வழங்கி மகிழும் சமுதாயம் நாம். நம் புதல்வியர்க்கு நாம் விரும்பும் கல்வியைக் காபூலின் புதல்வியர்க்கும் விரும்பக் கடமைப்பட்டுள்ளோம். கல்லறைப் பெருமையை விடுத்து இதனை எடுத்துரைப்பதே அம்மக்களுக்கு நாம் செய்யும் நற்பணியாகும்.