மடலும் மோட்டாரும்

காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, ஊர்த்தெருவில் ஏறி வருவதை மடலேறுதல் என்று நம் இலக்கியம் வழங்கும். திருக்குறளின் 114ஆம் அதிகாரமும் இதற்கு இடமளிக்கிறது. மடலின் கருக்கு ஏறியவனையே அறுக்கும். தெரு கூடிச் சிரிக்கும். ஆசை வாகனமேறுவது நமக்குப் புதிதன்று. ஆனால் அன்று ஏறியவன் தன் புண்ணையும் நாணமின்மையையும் ஊரறியக் காட்டினான். இன்று காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அமர்பவன் எதைக் காட்டுகிறான்?

வியன்னாவில் உளவியல் பயின்று அமெரிக்காவில் குடியேறிய எர்னஸ்ட் டிக்டர், 1939இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் பிளைமவுத் கார் விற்பனைக்காக இதை ஆராய்ந்தார். கூரை திறக்கும் கார் ஆண் மனத்தில் ஆசைநாயகி. நான்கு கதவுக் கார் மனைவி. முன்னதைக் கண்டு கடைக்குள் நுழைபவன் பின்னதை வாங்கிச் செல்கிறான் என்றார் அவர். வணிகருக்கு இது போதும். இரண்டிலுமே பெண் விலைக்கு வாங்கும் உடைமையாகிவிட்டாள் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

இதை மேனாட்டு நோய் என்று ஒதுக்குவதற்கில்லை. சுந்தரபாண்டியம், திருவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் புது வண்டியை மந்திரிக்கக் கொண்டு வருவோர், மாலையிட்டு, சந்தனம் பூசி, மணப்பெண்ணைப் போலவே அதை நிறுத்துகின்றனர். அதில் குற்றமில்லை, அழகும் உண்டு. ஆனால் 'வண்டியை ஓட்டுகிறேன்' என்னும் அதே வாய் 'குடும்பத்தை ஓட்டுகிறேன்' என்றும் சொல்கிறது. ஓட்டுபவன் யார், ஓட்டப்படுபவர் யார்?

1985இல் வெளிவந்த 'படிக்காதவன்' படத்தில் டாக்சி ஓட்டுநனான ரஜினிகாந்த் தம் வண்டியை லட்சுமி என்று அழைக்கிறார். மக்கள் அந்த வண்டியை மறக்கவில்லை. காரணம் எளிது: அவள் எதிர்வாதம் செய்வதில்லை. முரண்டினாலும் அது நகைச்சுவையாகவே முடிகிறது. பெயர் பெண்பெயர், வாய் மட்டும் இல்லை.

இதனோடு ரித்விக் கட்டக் 1958இல் எடுத்த வங்காளப் படம் 'அஜாந்திரிக்'கை வைத்துப் பார்க்கலாம். சுபோத் கோஷின் சிறுகதையைத் தழுவியது. டாக்சி ஓட்டுநன் பிமலுக்கு உறவென்று இருப்பது ஜகத்தல் என்னும் பழைய செவர்லே ஒன்றே. அதற்கு அவன் நீர் ஊற்றுகையில் தாகம் தீர்வது போல் மடமடவென்று ஓசை எழுகிறது. ஊர் அவனை எள்ளுகிறது. காதலனால் கைவிடப்பட்ட ஒருத்தி வண்டியில் ஏறியபின் அவன் நெஞ்சு இளக, வண்டி முரண்டத் தொடங்குகிறது. பொறாமையோ என எண்ண வைக்கிறது. சேமிப்பையெல்லாம் செலவழித்தும் பயனின்றி, இறுதியில் பழைய இரும்புக்குப் போகிறது. ஒரு குழந்தை அதன் ஹாரனை அமுக்கி விளையாட, பிமல் கண்ணீரிடையே சிரிக்கிறான்.

கட்டக்கின் படமே மேலானது என்பது நம் கருத்து. பிமல் ஒரு வகையில் மடலேறியவன். அவன் ஆசை அவனைக் காக்கவில்லை. தெருவில் நிறுத்தி அறுக்கிறது. லட்சுமியோ நாயகனை ஒருபோதும் அறுப்பதில்லை.

2007 ஜூனில் குடிபெயர்ந்தோருக்கான திருப்பீட அவை வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டி, ஓட்டுநர்க்குப் பத்துக் கட்டளைகள் தந்தது. காரை அதிகாரத்தின், ஆதிக்கத்தின் வெளிப்பாடாக்க வேண்டாம் என்பது அவற்றுள் ஒன்று. இதைப் படித்து நகைத்தவரும் உண்டு. விபத்தில் மடிந்த இளைஞர்க்கு அடக்கச் செபம் சொல்வோருக்கு நகைக்கத் தோன்றாது.

மடல் பெண்ணுக்கு இல்லை என்றது இலக்கணம். திருமங்கையாழ்வாரோ பெண்குரலில் நின்று இரண்டு மடல்கள் பாடினார். நம் திரைப்படங்களிலும் பெண் காரோட்டி வந்ததுண்டு. பெரும்பாலும் செல்வச் செருக்குள்ளவளாக வந்து, கதை முடிவதற்குள் நாயகனுக்குப் பக்கத்து இருக்கைக்கு மாறிவிட்டாள்.