சின்னசாமி முதலியாரின் இசைக்குறியீட்டுப் பணி

ஏ.எம். சின்னசாமி முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் வாழ்ந்த இசை ஆய்வாளர். வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரிடம் கேட்ட தியாகராஜர் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதி, 1890-களில் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொடேஷன்' என்ற தலைப்பில் வெளியிட்டார்.

சுரங்கள் தனித்தனியே ஒலிக்கும் பியானோவுக்கு இக்குறியீடு பொருந்தும். ராகத்தின் உருவமோ சுரங்களை இணைக்கும் கமகத்தில் உள்ளது. தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தினால் அது தோடியாகாது. இது முதலியாரின் குறையன்று, அவர் தேர்ந்த முறையின் எல்லை.

செவிவழி மட்டுமே வாழ்ந்த பாடல்கள் குருவோடு அழிந்துவிடக்கூடும் என்பதை உணர்ந்து, எழுதிவைக்க வற்புறுத்தியதே அவரது முதன்மைப் பங்களிப்பு. அவரது தூண்டுதலுக்குப் பின் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', சுர எழுத்துகளோடு கமகங்களுக்கும் தனிக் குறிகளை அளித்தது.