நூலும் அது விளைந்த நிலமும்
ஆங்கில இலக்கியம் பயின்ற இறையியல் மாணவர்க்குச் சில கருத்துகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து இறைப்பணிக்கு ஆயத்தமாக வரும் இளைஞருள் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றோரும் உளர். பிரித்தானிய இலக்கியம் ஒரு தாள், அமெரிக்க இலக்கியம் மற்றொரு தாள் என அவர்கள் கற்றுத் தேறியுள்ளனர். அவ்விலக்கியங்கள் எவ்வரலாற்றிலிருந்து முளைத்தன, எச்சமுதாயத்தின் புண்களைச் சுட்டின என்பது கற்பிக்கப்பட்டதைவிட, அவற்றின் 'என்றுமுள்ள உண்மைகள்' மனனம் செய்விக்கப்பட்டதே மிகுதி. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1835-க்குப் பின் ஆங்கிலக் கல்வியைப் பரப்பிய அரசு, சமயத்தில் நடுநிலை வகிப்பதாகக் கூறிக்கொண்டு, ஒழுக்கம் புகட்டும் பணியை இலக்கியத்தின்மேல் ஏற்றியது. கௌரி விசுவநாதன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதனை விரிவாக நிறுவுகிறது. அவ்வாறு வேரும் மண்ணும் களையப்பட்டு வந்த செடியையே நாம் இன்னும் தொட்டியில் வளர்த்து வருகிறோம்.

இக்குறையை நீக்கும் வழியை வெளிநாட்டில் தேட வேண்டுவதில்லை. அரியலூரிலும் குன்னத்திலும் இளமையில் தமிழ் பயின்று, பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கேட்ட ஒருவர் நமக்கு வழிகாட்டியாக நிற்கிறார். அவரே உ. வே. சாமிநாதையர். 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, தாம் கற்ற நூல்களின் பரப்பு எத்துணைக் குறுகியது என்பதை அவர் உணர்ந்தார். சொல்லும் யாப்பும் அவருக்குத் தெரிந்தவையே. தெரியாதது சமண வாழ்வு. ஆகவே சைவச் சூழலில் வளர்ந்த அவ்வந்தணர், குடந்தையில் வாழ்ந்த சமணரை நாடிச் சென்று, அவர்தம் கோட்பாடுகளையும் வழக்கங்களையும் கேட்டறிந்தார். 1887-இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு அவ்வாறு விளைந்த பயிர். பிறருடைய நூலைப் பிறருடைய வாயிலாகவே கேட்டுத் தெளியும் பணிவு அதில் உண்டு. சூழலறிந்து கற்றல் என்பது இப்பணிவேயன்றி வேறன்று.

இதே பணிவோடு ஜான் பன்யனை அணுகிப் பார்ப்போம். மோட்சப் பிரயாணம் எனும் பெயரில் நம் இல்லங்களில் வழங்கிவரும் அந்நூலைக் காலங்கடந்த உருவகமாக மட்டுமே நாம் பிரசங்கித்து வருகிறோம். பன்யன் பழைய பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. 1660-இல் மன்னராட்சி மீண்ட பின், அரசுத் திருச்சபைக்குப் புறம்பே பிரசங்கித்தமைக்காகச் சிறைப்பட்டு, ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையில் கழித்தவர். அவரது நூலின் முதற்பாகம் 1678-இல் வெளிவந்தது. மாயச் சந்தையில் உண்மையுள்ளவனை விசாரித்துக் கொல்லும் நீதிமன்றம் வெறும் கற்பனையன்று. குற்றவாளிக் கூண்டில் நின்ற ஏழை ஒருவன் தன் நாட்டு நீதியைப் பற்றி அளித்த சாட்சியம் அது. இதனை அறியாது வாசிப்போர்க்கு அது பாவ உலகைப் பற்றிய பொதுவான எச்சரிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

இந்நூல் தமிழுக்கு வந்த வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) வைணவ வேளாளர் மரபில் தோன்றி, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தின் சாயர்புரம் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர். பன்யனைச் சிறையிலிட்ட அரசின் திருச்சபை எதுவோ, அதன் அருட்பணிச் சூழலிலேயே பன்யனின் நூல் இரட்சணிய யாத்திரிகமாக மலர்ந்து 1894-இல் அச்சேறியது. கைதியின் நூல் காலப்போக்கில் சபையின் பாடநூலாகிவிட்டது. எதிர்ப்புக்குரல் பக்திக்குரலாக மாறியதில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு.

இழப்பு யாது? பன்யனின் நடை சந்தையிலும் தெருவிலும் வழங்கிய பேச்சு நடை. கிருஷ்ணபிள்ளையின் நடையோ கம்பனைப் பின்பற்றிய விருத்த நடை. கல்லாதார்க்கென எழுந்த நூல் கற்றார் அவைக்கு ஏறிற்று. எனினும் இதனைக் குறையென்று மட்டும் கூறுதல் முறையன்று. தமிழ்க் கற்றோர் உள்ளத்தில் காப்பியம் பெற்றிருந்த மதிப்பை அவர் அறிவார். மேலும், பன்யனிடம் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளின் வரலாற்றைத் தம் காப்பியத்தில் விரித்துப் பாடினார். ஆங்கில வாசகர் அவ்வரலாற்றை முன்னரே அறிவர்; தமிழ் வாசகருள் பலர் அறியார். தம்மவர் சூழலை அவர் நன்கு கற்றிருந்தார் என்பதற்கு இதுவே சான்று எனக் கருதுகிறோம். பன்யனின் சூழலையும் சேர்த்துக் கற்பது நம் கடன்.

அமெரிக்க இலக்கியத்திற்கும் இஃது ஒக்கும். ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' (1852) கண்ணீர்க் கதையாக மட்டும் வாசிக்கத்தக்கதன்று. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருவதற்கு அடிமைமுறை இல்லாத மாநிலத்தாரும் துணைபுரிய வேண்டுமென 1850-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்திய சூழலில் எழுந்தது அது. ஆயினும் அப்புதினம் கறுப்பின மனிதரை முழுமனிதராகக் காட்டவில்லை என ஜேம்ஸ் பால்ட்வின் 1949-இல் கண்டித்தார். அதற்கும் முன்னரே, 1845-இல், அடிமையாய்ப் பிறந்து தப்பிய ஃப்ரெடெரிக் டக்ளஸ் தம் வாழ்க்கை வரலாற்றின் பிற்சேர்க்கையில், கிறிஸ்துவின் சமயம் வேறு, அடிமை வைத்திருப்போரின் சமயம் வேறு எனத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரே ஆண்டவரைத் தொழுவோர் சாதிவாரியாகக் கல்லறை பிரித்த வரலாறுடைய தமிழகத் திருச்சபைக்கு, டக்ளஸ் எழுதியது அயல்நாட்டுச் செய்தியன்று.

இவ்வாறு கற்பது நூலின் ஆன்மீக வலிமையைக் குறைத்துவிடாதா எனச் சிலர் அஞ்சக்கூடும். அச்சத்திற்கு இடமில்லை. ஆமோஸ் தீர்க்கரின் காலத்து வணிகரும் நியாயத்தலங்களும் எத்தகையன என்று அறிந்தபின் அவருடைய சொல் நம்மை மேலும் சுடுகிறதேயன்றிக் குளிர்வதில்லை. திருமறைக்கு நாம் கையாளும் இம்முறையை ஏனைய இலக்கியங்களுக்கு மறுப்பது பொருந்தாது. சூழலை அறியாதபோதுதான் நூல் நம் விருப்பத்திற்கேற்ப வளைகிறது.

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணிபுரிந்த இத்தாலியரான வீரமாமுனிவர், தமிழரின் நூல்களைத் தமிழரிடமே கற்று, திருக்குறளின் இரு பால்களை இலத்தீனில் பெயர்த்தார். உ. வே. சா. சமணரை நாடினார். இரதத்தில் வாசித்துச் சென்ற எத்தியோப்பிய மந்திரியும் வழிகாட்டுவோரை வேண்டிப் பிலிப்புவை அருகில் அமர்த்திக்கொண்டான். நம் ஆயர்களும் மாணவர்களும் அடுத்தமுறை பன்யனைப் பிரசங்கத்தில் எடுத்தாளும்போது, பெட்ஃபோர்டுச் சிறையின் கதவையும் சபையார்முன் திறந்துவைப்பார்களாக. அக்கதவினூடே தம் ஊர்ச் சேரியையும் காவல் நிலையத்தையும் சபையார் தாமே காண்பர்.