தலைக்கு மேலே ஒரு துணிப்பந்தல்

பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலின் உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. அங்கே இழுத்துக் கட்டிய பந்தல்போல ஒரு துணி நிற்கிறது. அதைத் தாங்குபவை, கூரைக்கு ஏற்ப வளைத்த மெல்லிய எஃகுக் கம்பிகள். துணியின் முதுகில் தைத்த நீண்ட உறைகளுக்குள் அவை ஒளிந்திருக்கும். ஓரங்களில்தான் பசைக்கு வேலை.

பிற்காலத்துக் கார்கள் பலவற்றில் கதை வேறு. அட்டையில் ஒட்டிய துணிக்கு அடியில் மெல்லிய நுரை. வெயிலில் அது பொடியாக, துணி தொங்கி ஓட்டுபவரின் தலையை வருடும்.

பீட்டிலில் புதுத்துணி மாட்ட வீட்டு முற்றமே போதும். முதலில் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் கழல வேண்டும். துணியின் விளிம்பு அவற்றின் ரப்பருக்கு அடியில் புதைந்திருக்கிறது. கம்பிகள் ஒன்றுபோல் தெரிந்தாலும் நீளமும் வளைவும் வேறு. கழற்றும்போதே எண் எழுதி வைக்காதவர் பிறகு விழிப்பார்.

வினைல் துணியைச் சற்று வெயிலில் விரித்தால் மடிப்புத் தழும்புகள் தளரும். பிறகு கம்பிகளை உறைகளில் கோத்துக் கூரையில் மாட்டி, நடுவிலிருந்து ஓரங்களுக்கு இழுத்து, கிளிப் போட்டு, சுருக்கம் நீங்கியபின் பசை. இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தே அழுத்த வேண்டும். மிச்சச் சுருக்கத்தை ஹேர் டிரையர் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது கண்ணாடி. ரப்பரின் காடியில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை உருவுவார். ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டிச் சட்டென்று உட்காரும். கடைசியில், விளக்குக்கான துளையைத் தடவிக் கண்டுபிடித்து, பிளேடால் சின்னதாக ஒரு கீறல்.