ஆயர்பாடியில் கேட்காத குரல்

முல்லை நிலம் என்றதும் நம் புலவர் பெருமக்களுக்கு மோர் மணக்கும், மத்தொலி கேட்கும். முல்லைக்கலியிலே ஆயமகள், கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுபவனை ஏற்க மறுக்கிறாள். துணைவனைத் தேரும் உரிமை அன்றே இருந்தது என்று நாமும் மேடையேறிப் பெருமை பேசுகிறோம். பேசலாம். ஆனால் மணத்திற்குப் பின்? எத்தனை முறை கருவுற்றாள், எத்தனை கலைந்தன, எப்போது ‘போதும்’ என்று சொல்ல நினைத்தாள்? அதைப் பாடப் புலவர் எவரும் முன்வரவில்லை.

பாகவதம் பாடத்தான் செய்கிறது! எப்படி? தேவகியின் ஏழாவது கரு, ஆயர்பாடியில் இருந்த உரோகிணியின் வயிற்றுக்கு மாயையால் மாற்றப்படுகிறது. தேவகிக்குக் கரு கலைந்ததென்று ஊரார் இரங்குகின்றனர். உரோகிணியின் இசைவைக் கேட்டவர் யார்? அடுத்து, பேற்றுக் களைப்பில் உறங்கும் யசோதையின் பெண்மகவை எடுத்துக்கொண்டு, ஆண்மகவைக் கிடத்திச் செல்கிறான் வசுதேவன். அப்பெண்மகவைக் கல்லில் அடிக்க ஓங்குகிறான் கம்சன். அது கைநழுவித் தேவியாய் விண்ணேறிற்றாம்! பெற்றவளின் கதறல் கதையில் இல்லை. பெற்றது பெண் என்பதே அவளுக்குத் தெரியாதே! இதற்குப் பெயர் பக்திச்சுவை.

புதுவையின் வில்லியனூரில், திருக்காமீசுவரர் கோயிலில் ‘பிரசவ நந்தி’ என்று ஒன்றுண்டு. சுகப்பேறு வேண்டிக் கருவுற்ற பெண்கள் அதனை வணங்குகின்றனர். கல் மாட்டை நோக்கிக் கைகூப்பும் அவளுக்கு, உயிருள்ள ஆடுமாட்டால் வரும் கேட்டை யாராவது சொன்னார்களா?

ஆடு காய்நிலையிலேயே குட்டியை வீசிவிட்டால், அதை வெறுங்கையால் எடுத்து அப்புறப்படுத்துபவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அந்த வீச்சிலும் நஞ்சுக்கொடியிலும் காய்ச்சாத பாலிலும் புருசெல்லா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, கருவுற்றவளாயின் கருச்சிதைவு ஆகியவற்றை அது தரவல்லது. குருதிச் சோதனை அதைக் காட்டிக் கொடுக்கும், மருந்தும் உண்டு. கண்ணேறு என்றும் முன்வினை என்றும் மந்திரிக்கச் சென்றால் நுண்ணுயிரி ஓடிவிடுமா? 2019 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி பசு, எருமைகளின் பெண் கன்றுகளுக்கு இந்நோய்க்குத் தடுப்பூசி போடப்படுகிறது. போடட்டும், நன்று! மேய்ப்பவளிடமும், “அம்மா, உனக்குக் கலைந்ததுண்டா?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

வேண்டாத கருவைச் சுமப்பவளின் நிலையோ இன்னும் கொடிது. 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவளின் ஒப்புதல் ஒன்றே போதும்; கணவனின் கையெழுத்து வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டுத் திருத்தம், குறிப்பிட்ட சில நிலையினருக்கு எல்லையை 24 வாரமாக உயர்த்திற்று. பெண்ணின் பெயரை வெளியிடுவோர்க்கு ஓராண்டு வரை சிறை என்றது. மணமாகாதவளை விலக்கலாகாது என்று 2022 இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. இருந்தும், சட்டம் நிற்பது அவளுடைய விருப்பத்தின்மீதன்று, மருத்துவருடைய கருத்தின்மீது! நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காட்டிப் பிறர் கர்ப்பத்தடையை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் பெரியார். அவ்விடத்திற்குச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, உண்மை. பாகூர்ப் பக்கத்து மேய்ப்பவள் அங்கே சென்று வர ஒரு பகல் வேண்டும். மந்தையை யாரிடம் விட்டுச் செல்வாள்? மாமியாரிடம் என்ன சொல்லிப் புறப்படுவாள்? தோழர்கள் மேற்சொன்ன சட்டப் பிரிவுகளைத் துண்டறிக்கையாக அச்சிட்டு, ஆட்டுப்பட்டிகளுக்கே சென்று படித்துக் காட்டலாம். தோழியர் சென்றால் இன்னும் நன்று.